மூக்கைப் பொத்தும் கை

இந்த நாட்டில் கையுறை மாட்டிக்கொண்டால் சட்டைப் பொத்தானைக்கூட என்னால் போட முடிவதில்லை. கழற்றினாலோ விரல் மரக்கட்டையாகிவிடுகிறது. இந்தக் கையால்தான் பாராசூட்டை ஓட்டி, உறைந்த வயலில் நின்றபடி இறங்கிக் காட்டச் சொல்கிறார்கள். ராஜபாளையத்தில் நூல் மில்லில் இருந்த நான், இங்கே பாராசூட் துணி நெய்யும் ஆலைக்கு வந்திருக்கிறேன். அதன் சோதனைப் பிரிவில் வேலை வேண்டுமானால் தனியாகக் குதிக்கும் உரிமம் வேண்டும். இறங்குவதில் மட்டும்தான் இன்னும் தேறவில்லை. பனி இறுகிவிட்டால் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். அந்த வேலை எனக்காகக் காத்திருக்காது.

தரை நெருங்கும்போது இரண்டு பிரேக் பிடிகளையும் ஒருசேர இடுப்புவரை இழுக்க வேண்டும். வேகம் குறைந்து கால் மெல்ல ஊன்றும். வகுப்பில் எல்லாம் புரிகிறது. மேலேயிருந்து பார்த்தால் மரமில்லை, வரப்பில்லை, ஒரே வெள்ளை. எவ்வளவு உயரத்தில் இருக்கிறேன் என்றே தெரிவதில்லை. திடீரென்று தரை வந்ததும் என் வலது கை பிடியை விட்டுவிட்டு மூக்கைப் பொத்தப் போகிறது! இடது பிரேக் மட்டும் இழுபட, பாராசூட் சுழன்று என்னை முகங்குப்புறத் தள்ளுகிறது. ஒவ்வொரு முறையும் இதே கதை.

சோழபுரத்தில் பம்புசெட் அறை மேலேறிக் கிணற்றில் குதித்து வளர்ந்த உடம்பு இது. மூக்கைப் பொத்தாவிட்டால் மண்டைவரை தண்ணீர் ஏறிவிடும். இதை டேவ் என்ற பயிற்சியாளரிடம் விளக்கினேன்.

"கிணற்றிலா? சின்ன வயதிலா?" என் தோளைத் தொட்டார். "யார் உன்னைக் காப்பாற்றினார்கள்?"

"யாருமில்லை. நானே ஏறி வந்து மறுபடி குதிப்பேன்."

எங்கள் ஊரில் கிணற்றில் குதிப்பது விளையாட்டு என்பது அவருக்குப் புரியவில்லை. மறுநாளிலிருந்து ஆலையில் எல்லோரும் என்னிடம் நோயாளியிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினார்கள்.

எரிச்சலில் ஊருக்குப் போன் போட்டேன். தான் பள்ளிக்கூடத்தை மிதிக்காவிட்டாலும் என்னைப் படிக்கவைத்த என் அய்யா, பக்கத்து மளிகைக்கடைக்கு வந்து பேசினார்.

"ஏலே, எறங்குறதுக்குமா பரீட்சை? இம்புட்டுப் படிச்சிட்டு எறங்கத் தெரியலன்னு சொல்லுத?"

"கை சொன்னபடி கேக்க மாட்டேங்குதுய்யா."

"மூக்கப் பொத்திக்கிட்டுக் கண்ண மூடிக் குதிலே. எல்லாம் சரியா வரும்."

"சரிய்யா" என்று வைத்துவிட்டேன்.

கடைசி வாய்ப்பு சனிக்கிழமை. குளிர் பல்லுக்குள் இறங்கியது. வெள்ளைத் தரை எழும்பி வந்தது. வலது கை மூக்குக்குத் துள்ளியது, ஆனால் பிடியை விடவில்லை. இரண்டு பிடிகளையும் சேர்த்து இழுத்தேன். கால் ஊன்றியது. நின்றேன்.

டேவ் கத்திக்கொண்டே ஓடிவந்தார். "தேறிவிட்டாய்! ஏதாவது சொல்லேன்!"

வாயைத் திறக்க முடியவில்லை. உதட்டை இறுக்கி, மூச்சை அடக்கி நின்றுகொண்டிருந்தேன். பனி கணுக்கால் அளவுதான். உடம்பு மட்டும் இன்னும் தண்ணீருக்கடியில், மேலே வருவதற்குக் காலை உதைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.