மாட்டுக்கு லீவு

மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த காலம். அதற்குப் பக்கத்திலேயே எங்கள் கீரைத்தோட்டம். பட்டணத்துப் பெரியவர்கள் காற்று வாங்க இடம் தேடி வந்த அதே ஊரில்தான் என் நைனா, அதாவது அப்பா, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கு இடுப்பு போயிருந்தது. முந்தின மழைக்காலம் முழுவதும் பாயில் கிடந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர். மயிலாப்பூர் டாக்டர் முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை பாரம் இழுத்தால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாய் என்று சொல்லிவிட்டார். "பால் குடி, பழம் சாப்பிடு, மத்தியானம் படு. சுவர் இருந்தால்தானே சித்திரம்?" நல்ல மனுஷர். எங்கள் வீட்டுச் சுவர் மண்சுவர் என்பது அவருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் ஓய்வே இல்லை என்று சொன்னால் பொய். மாடுகளுக்கு இருந்தது. கிணற்றிலிருந்து தோல் சாலில் தண்ணீர் இழுக்கிற இரண்டு காளைகள். வெயில் உச்சிக்கு ஏறுமுன் நைனா அவற்றை அவிழ்த்துவிடுவார். புங்கமர நிழலில் கட்டி, கழுத்தில் விளக்கெண்ணெய் தேய்ப்பார். தவிட்டுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பார். அவருடைய கஞ்சி ஆறி ஆடை கட்டியிருக்கும்.

"வாயில்லா ஜீவன். நோவுதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியுமா? நாமதான் பாத்துக்கணும்" என்பார்.

"உனக்குத்தான் வாய் கீதே, நீ இன்னா சொல்லிட்ட?" என்பாள் அம்மா.

மாட்டுப் பொங்கல் வந்தது. அன்றைக்கு மாட்டின் கழுத்தில் நுகத்தடி வைத்தால் பாவம் என்பார் நைனா. ஆனால் அப்போதுதான் முளைவிட்ட கீரைக்கு அதை யார் போய்ச் சொல்வது? முதல் நாள் பொங்கலுக்கும் இறைக்கவில்லை. பாத்தி வெளுத்துக் கிடந்தது. நைனா மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டுக் கட்டினார். பிறகு ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போய், வடத்தைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தார். சால் பாதிதான் நிரம்பியிருந்தது. அதற்கே முகம் கோணிப்போயிற்று. மாடுகள் அசைபோட்டபடி வேடிக்கை பார்த்தன.

அவருக்குத் தெரியாமல் நானும் பார்த்தேன். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். மாட்டுக்குச் சுற்ற வைத்திருந்த ஆரத்தித் தட்டோடு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. நேரே போய் அவர் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் அப்பினாள். பெரிய காளையின் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாள்.

"இன்னாமே இது?"

"இன்னிக்கு மாடு இழுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன? போய் நெழல்ல படு."

டாக்டர் பேச்சைத் தட்டிய நைனாவால் சாஸ்திரத்தைத் தட்ட முடியவில்லை. வடத்தை இறக்கிவிட்டுப் புங்கமரத்தடியில், காளைகளுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தார். படுத்ததும் குறட்டை. நோயில் கிடந்ததைத் தவிர, அவர் பகலில் கண்ணை மூடி அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது எனக்கு.

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குடத்தைக் கிணற்றுக்குள் விட்டாள். பொழுது சாயும்வரை குடம் குடமாகச் சேந்திப் பாத்தி முழுவதும் ஊற்றினாள். தட்டில் குங்குமம் நிறைய மிச்சம் இருந்தது. அவளையும் ஒரு மாடாக நினைத்து நெற்றியில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.