முனியாண்டிக்கு ஒரு முழு போத்தல்

ஜொகூர் பாருவுக்கு வடக்கே, செடெனாக்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. குடியை விட வருகிற ஆண்களுக்கானது. அங்கே ஒருவரைச் சேர்க்கப் போனால், அவர் எவ்வளவு குடிப்பார் என்று ஆலோசகர் ஷாமளா முதலில் கேட்க மாட்டார்.

"உங்க வீட்டுல சாமிக்கு ஏதாச்சும் நேர்த்திக்கடன் பாக்கி இருக்கா?" என்றுதான் கேட்பார்.

கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இது வைத்தியம் பார்க்கிற இடமா, ஜோசியம் பார்க்கிற இடமா என்று ஒருவர் வாய்விட்டே கேட்டிருக்கிறார். ஷாமளா அசர மாட்டார். அதற்குப் பதில் வந்த பிறகுதான் மற்ற பேச்சு. இந்தக் கேள்வி எந்தப் படிப்பிலும் இல்லை. வசந்தன் என்ற லாரிக்காரனும் அவன் அம்மா காளியம்மாவும் சேர்ந்து அவரைக் கேட்க வைத்த கேள்வி அது.

ஷாமளா இந்த வேலைக்கு வந்த கதையில் கண்ணீர் கிடையாது. அப்பா குடித்துச் செத்தார், அண்ணன் குடும்பத்தை அழித்தான் என்று எதையாவது எதிர்பார்த்து வரும் பத்திரிகைக்காரர்களுக்கு ஏமாற்றம்தான். தோட்டத்தில் பிறந்தவர். அப்பா சுருட்டோடு நிறுத்திக்கொண்ட மனிதர். செனாயில் கார் ரேடியோ செய்யும் தொழிற்சாலையில், லைன் முடிகிற இடத்தில் உட்கார்ந்து தரம் பார்ப்பது ஷாமளாவின் வேலை. தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மூட்டை கட்டியபோது, ஜொகூர் பாருவில் வார இறுதி வகுப்புக்குப் போய் ஆலோசகர் படிப்பை முடித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கேட்டதை மறக்காத காது.

அவர் வந்தபோது இல்லம் நடந்த விதம் இதுதான். கை நடுக்கம் அடங்கும்வரை டாக்டர் பார்த்துக்கொள்வார். அப்புறம் காய்கறித் தோட்டத்தில் வேலை, பிரார்த்தனை, பேச்சு. காலம் முடிந்ததும் மாலை, பொன்னாடை, கைதட்டல், படம். கேட்டுக்கு வெளியே விட்டதோடு சரி. போனவர்களில் பாதிப் பேர் சில வாரங்களில் திரும்பி வந்தார்கள். பழைய குருடி, கதவைத் திறடி. அப்படி வந்தவனுக்கு மொட்டை அடித்து, கக்கூஸ் கழுவ விடுவார்கள். மூன்றாம் முறை வந்தால் கதவு திறக்காது.

இல்லத்தின் தலைவர் ராஜசேகரன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நல்ல மனிதர். பிரம்பைக் கீழே வைத்தாலும் பிரம்பு பிடித்த கை மாறவில்லை, அவ்வளவுதான்.

"மனசுல உறுதி இல்லாதவனை அந்த ஆண்டவனே வந்தாலும் திருத்த முடியாதும்மா," என்பார்.

"சார், ஒரே மாடல் ரேடியோ, ஒரே எடத்துல ஒடைஞ்சு ஒடைஞ்சு திரும்பி வருது. ரேடியோவுக்கா மொட்டை அடிப்போம்? லைனை நிறுத்திட்டு எங்க ஒடையுதுன்னு பாப்போம் லா."

ராஜசேகரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டவருக்கு மறுநாள் கடுமையாகப் பேச வரவில்லை; மொட்டை நின்றது.

ஷாமளா திரும்பி வந்தவர்களிடம் போய் உட்கார்ந்தார். ஏன் குடித்தாய் என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் விதி, கவலை, கூட்டாளி என்று பிரசங்கம்தான் வரும். முதல் கிளாஸ் எங்கே, யார் கையால் என்று கேட்டார். மாமன் வீட்டு விருந்தில் என்றான் ஒருவன். வரவேற்கத் தம்பி போட்ட பார்ட்டியில் என்றான் இன்னொருவன். யாரும் இல்லத்துக்குள் உடையவில்லை. எல்லாம் வீட்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் உடைந்தவை. தும்பை விட்டு வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டாரும் வந்து உட்கார வேண்டும் என்று ஏற்பாடானது. வீட்டுக்குப் போனவனைத் தேடி முதல் வாரத்திலேயே ஷாமளா போய் நிற்பார். திரும்பி வருபவர்கள் குறையத் தொடங்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் வசந்தனை மூன்றாம் முறையாகக் கொண்டுவந்தார்கள்.

பாசிர் கூடாங் துறைமுகத்துக்குக் கொள்கலன் லாரி ஓட்டியவன். கண் இரண்டும் மஞ்சள் பூத்திருந்தது. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆயர் ஈத்தாமில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னொரு முறை குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். விதிப்படி அவனுக்குக் கதவு கிடையாது. ஷாமளா தலைவரின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். நகரவில்லை.

"சரி," என்றார் ராஜசேகரன் கடைசியில். "இதுதான் கடைசி. மறுபடி விழுந்தான்னா அவனுக்கும் கதவு இல்ல, உங்க லைன் கதையும் இங்க வேணாம். பழையபடி நான் நடத்திக்கிறேன்."

"விழ மாட்டான் சார்," என்றார் ஷாமளா. எந்த நம்பிக்கையில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. சொன்னது மட்டும் திடமாகச் சொன்னார்.

கை நடுக்கம் அடங்கிய பிறகு வெண்டைப் பாத்தியில் வைத்து அவனிடம் கேட்டார். "ரெண்டு தடவையும் முதல் கிளாஸ் எங்கடா?"

வசந்தன் களையைப் பிடுங்கிக்கொண்டே இருந்தான். களை தீர்ந்துபோய் வெண்டைச் செடியில் கை வைத்தபோது ஷாமளா தட்டிவிட்டார்.

"கோயில்லக்கா," என்றான்.

"கோயிலுக்கு வெளியிலயா?"

"உள்ளதான். அம்மா கையால."

மகன் குடியை விட வேண்டும் என்று காளியம்மா தோட்டத்து முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் படைப்பது அந்தத் தோட்டத்தில் காலங்காலமாக நடப்பது. மகன் இல்லத்திலிருந்து திருந்தி வந்தான். சாமி கேட்டதைக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற காளியம்மா ஒரு போத்தல் படைத்தார். படைத்ததில் முதல் பங்கு யாருக்காக வேண்டிக்கொண்டார்களோ அவனுக்குத்தானே?

"பிரசாதத்த எப்படிக்கா வேணாம்னு சொல்றது?" என்றான் வசந்தன். "அதுவும் பெத்தவ கையால."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கைப் பிடித்துத் தந்ததே பிள்ளையார்தான்.

ஷாமளா அன்று மாலையே காளியம்மா வீட்டில் இருந்தார். அந்த அம்மா காப்பி கலந்து கொடுத்துவிட்டு, பெருமையாகச் சாமி மேடையின் அடியிலிருந்து ஒரு பையை இழுத்துக் காட்டினார். உள்ளே பிராந்தி.

"போன ரெண்டு தடவையும் சின்ன போத்தலு வச்சிட்டேன். அதான் சாமி அரைகுறையா விட்டுட்டாரு. இந்த வாட்டி பெரிய போத்தலா வேண்டியிருக்கேன்."

"அலமாக்! அதுதாம்மா அவன வுழுக வைக்குது."

"நீங்கதானே சொன்னீங்க, போயி சாமிய வேண்டிக்கிங்கன்னு?"

ஷாமளாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். சொன்னது உண்மைதான். வருகிற தாய்மார்களுக்கெல்லாம் அவர் வழக்கமாகச் சொல்கிற ஆறுதல் அது. ஊருக்கெல்லாம் ஓட்டை எங்கே என்று தேடியவர் தன் வாயைத் தேடவில்லை.

படைக்காதீர்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஷாமளாவும் அந்த மண்ணில் வளர்ந்தவர். வேண்டிக்கொண்டதைச் செய்யாமல் விட்டால் சாமி பிள்ளைமேல் கை வைக்கும் என்ற பயத்தில் காளியம்மா ஒளித்துக்கொண்டுபோய்ப் படைப்பார். அதனால் ஷாமளா போத்தலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, ஞாயிறுதோறும் காளியம்மாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். மற்றவர்கள் தங்கள் முதல் கிளாஸைப் பற்றிச் சொல்வதைக் கேட்க வைத்தார். ஒரு மூடி அளவு உள்ளே போனால் மகனின் மூளை எப்படி மிச்சத்தைக் கேட்டுக் கத்தும் என்று டாக்டரையே சொல்ல வைத்தார். காளியம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு கேட்டார். தலையாட்டினார். "ஆனா சாமிக்குச் சொன்னது சொன்னதுதானே," என்று ஒவ்வொரு ஞாயிறும் முடித்தார்.

வசந்தன் வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. இந்த முறை மாலையும் இல்லை, பொன்னாடையும் இல்லை. ஷாமளா அவனையும் காளியம்மாவையும் வேனில் ஏற்றி நேரே கோயிலுக்கு விடச் சொன்னார். ராஜசேகரனும் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். முடிவைக் கண்ணால் பார்க்கத்தான் வருகிறார் என்று ஷாமளாவுக்குத் தெரியும்.

பூசாரி வீரமுத்துவிடம் அவர் முன்பே பேசி வைத்திருந்தார். பிராந்திக்குப் பதில் இளநீர் வைக்கலாமா?

"அத நான் சொல்லக் கூடாதும்மா. பூ போட்டுக் கேப்போம். வெள்ளப் பூ வந்தா சாமி சரிங்கிறாரு. சிவப்பு வந்தா போத்தலுதான்."

கோயிலில் வீரமுத்து இரண்டு பூவையும் வெற்றிலையில் தனித்தனியாக மடித்துச் சாமி காலடியில் போட்டார். காளியம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். செம்பருத்தி.

ஷாமளாவுக்கு முனியாண்டி மேலேயே கோபம் வந்தது. இத்தனை மாதப் பாடும் ஒரு பூவில் போய்விட்டதே. ராஜசேகரன் அவர் பக்கம் பார்க்காமல் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். படையல் என்றால் மோப்பம் பிடித்து வந்துவிடும் தோட்டத்து ஆட்கள் சிலர் ஓரமாக நல்ல பிள்ளைகளாய்க் கை கட்டி நின்றார்கள்.

வீரமுத்து சுருட்டைப் பற்றவைத்து வைத்தார். பெரிய போத்தலைத் திறந்து சாமியிடம் காட்டி, மேடையில் நட்டிருந்த அரிவாளின் அடியில் கொஞ்சம் ஊற்றினார். முதல் டம்ளரை நிரப்பிக் காளியம்மாவின் கையில் கொடுத்தார்.

"புள்ளைக்குக் குடும்மா."

வாசம் காற்றில் பரவியது. வசந்தன் ஓர் அடி பின்னால் வைத்தான். ஆனால் பழக்கம் விடவில்லை. சாமி பிரசாதம் என்றதும் வலது கையை இடது கையின் மேல் வைத்து ஏந்திவிட்டான். ஷாமளாவுக்குப் பாய்ந்து தட்டிவிட வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் தட்டிவிட்டால் இன்றைக்கு மட்டும்தான். நான் இந்த வீட்டில் குடியிருக்கப் போவதில்லை. இந்த அம்மாவின் கைதான் தானாக நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

காளியம்மா டம்ளரைப் பார்த்தார். நடுங்கும் கைகளைப் பார்த்தார். மகனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு டம்ளரை அப்படியே மண்ணில் கவிழ்த்தார். பூசாரியின் கையிலிருந்த போத்தலையும் வாங்கி அரிவாளின் அடியில் தலைகீழாகப் பிடித்தார். அது குடுகுடுவென்று இறங்கியது. ஓரத்தில் நின்ற கூட்டத்திலிருந்து "ஐயோ" என்று ஒரு குரல் உருகிக் கேட்டது. காளியம்மா கடைசிச் சொட்டுவரை உதறினார்.

"சொன்னபடி குடுத்துட்டேன் ஐயா," என்றார், சாமியின் முகத்துக்கு நேராக. குரல் பிசிறவில்லை. "முழுசையும் நீயே குடிச்சிக்க. எங்களுக்கு மிச்சம் வேணாம். எம் புள்ளைய மட்டும் எனக்கு விட்டுடு."

வீரமுத்து ஒரு கணம் திகைத்து நின்றார். சாமிக்குச் சேர வேண்டியது சாமிக்கு முழுதாகச் சேர்ந்துவிட்டது. அதில் குற்றம் சொல்ல அவருக்கும் வழி இல்லை. விபூதித் தட்டை நீட்டினார். காளியம்மா அதில் ஒரு பிடி அள்ளி, இன்னும் ஏந்தியபடியே நின்ற மகனின் கைகளில் வைத்தார்.