ஆந்தை விழித்திருக்கும்வரை

பதினோரு வருடம். அத்தனை காலமும் அவர் ஒரு வரிகூடப் பாடவில்லை. மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கும் அவரை எல்லோரும் ‘வெண்கலம்’ என்றே கூப்பிடுகிறார்கள். குரலுக்காக வைத்த பெயர். ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் மைக் இல்லாமல் பாடியவர்.

அறச்சபை ஆட்சிக்கு வந்ததும், பெண்கள் பாடும் குரல் நாலு சுவருக்கு வெளியே கேட்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. மீறினால் வேலை போய்விடும். மற்ற பெண்கள் வீட்டில் மிக்ஸியை ஓடவிட்டு அந்தச் சத்தத்தில் முணுமுணுத்துக்கொண்டார்கள். வெண்கலத்துக்கு மெல்லப் பாட வராது. வாயைத் திறந்தால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். அதனால் திறக்கவே இல்லை. தடைக்குப் பிறகு அவரைக் கட்டிக்கொண்ட, சலவைக்கூடத்தின் வேன் ஓட்டுநர், மனைவி பாடி ஒருநாளும் கேட்டதில்லை.

உத்தரவில் ஒரே ஒரு விலக்கு உண்டு. சபையின் முதல் குரு தாயின் தாலாட்டில் வளர்ந்தவராம். எனவே குழந்தையைத் தூங்கவைக்கும் பாட்டு பாவமில்லை. குழந்தை தூங்கியதும் நிறுத்திவிட வேண்டும். சலவைக்கூடச் சுவரில் இது பலகையாகவே தொங்குகிறது. வெண்கலத்துக்குக் குழந்தை இல்லாததால் அந்தக் கதவும் தனக்கு இல்லை என்றுதான் நினைத்திருந்தார்.

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஏழு மாதக் குழந்தையோடு வேலைக்கு வந்தாள். மாமியாருக்குக் கால் முறிந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஆள் பற்றாமல் தவித்த மேலாளர் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார். துண்டுகள் குவிந்த தள்ளுவண்டியில் குழந்தையைக் கிடத்தினார்கள். அது தூங்குகிற ஜாதியில்லை. ஒரே வாரத்தில் ‘ஆந்தை’ என்று பெயர் வாங்கிவிட்டது.

ஒரு மதியம் ஆந்தை வீறிட்டது. தாய்க்குத் தொண்டை கட்டியிருந்தது.

“அக்கா, நீங்க கொஞ்சம் பாடுங்களேன்.”

“நானா? என் பிள்ளை இல்லையேடி.”

“பலகையில யார் பிள்ளைன்னு போட்டிருக்கா?”

வெண்கலம் திரும்பிப் பார்த்தார். போடவில்லை. கையிலிருந்த விரிப்பைக் கீழே வைக்காமலே ஆரம்பித்தார்.

“மாடியேறும் நிலாவுக்கு மூச்சு வாங்குது, நீ தூங்கு...”

முதல் வரி கொஞ்சம் துருப்பிடித்து வந்தது. இரண்டாவது வரியில் கூரைத் தகரம் அதிர்ந்தது. பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும்: முனைகளைப் பிடித்து இழுத்து, ஓர் உதறு உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். எப்போதும் ஒருத்தி முந்துவாள், ஒருத்தி பிந்துவாள், திட்டு விழும். அன்று எல்லா விரிப்புகளும் ஒரே நேரத்தில் படபடத்தன.

சத்தம் கேட்டு, வாசலில் அறச்சபை நிறுத்தியிருந்த ஒழுக்கக் காவலர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“நிறுத்துங்க! யார் பாடினது?”

“நாந்தாண்ணே. பிள்ளையைத் தூங்க வைக்கிறேன்.”

“ஊரே எந்திரிச்சிடும்போல பாடினா எந்தப் பிள்ளை தூங்கும்?”

“தூங்கலியே. அதான் பாடுறோம்.”

காவலர் தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஆந்தை அவரை முறைத்துப் பார்த்தது. “சரி, இது தூங்கினப்புறம் ஒரு எழுத்து வெளிய வந்தாலும் மொத்தப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சும்மா உட்காரவும் முடியவில்லை. தட்டிக்கொடுத்தார், வண்டியை ஆட்டினார். ஆந்தை அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“அண்ணனுக்குக் கைராசி இருக்கு, இன்னும் நல்லா ஆட்டுங்க” என்றாள் ஒருத்தி. சிரிப்பை அடக்க எல்லோரும் விரிப்புக்குள் முகத்தைப் புதைத்தார்கள்.

அப்போதுதான் ஆந்தையின் இமை தாழ்ந்தது. காவலர் ஒரு விரலை உயர்த்திக் காத்திருந்தார். ஒரு சொல் மிஞ்சினால் அத்தனை பேர் பிழைப்பும் போய்விடும். கண் மூடியதுதான் தாமதம், வெண்கலம் ‘நிலா’வை ‘நி’யிலேயே நிறுத்தினார். கூடமே கப்சிப். ஏமாந்துபோன காவலர் எழுந்தார்.

திடீரென்று பாட்டு நின்றதில் ஆந்தைக்கு முழிப்புத் தட்டியது. அழுத அழுகையில் காவலர் காதைப் பொத்திக்கொண்டார். தூக்கிப் பார்த்தார், விசிலடித்துப் பார்த்தார். பாச்சா பலிக்கவில்லை.

“ஏம்மா, காது கிழியுது! பாடித் தொலைங்கம்மா!”

“நீங்களே சொல்றீங்களாண்ணே?”

“நாந்தான் சொல்றேன், பாடு!”

வெண்கலம் விட்ட இடத்திலிருந்து எடுத்தார். வேனை வாசலில் நிறுத்திவிட்டு வந்த கணவர், அழுக்கு மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றிருந்தார்.

“இத்தனை வருஷமா இதை எங்கடி வச்சிருந்த?”

“மூட்டையை இறக்குங்க முதல்ல, முதுகு போயிரும்” என்று இரண்டு வரிகளுக்கு நடுவே சொல்லிவிட்டு வெண்கலம் பாடினார். வேலை முடியும் மணி அடிக்கும்வரை ஆந்தை தூங்கவில்லை.

அந்த விலக்கை நீக்கலாமா என்று பேச அறச்சபை அடுத்த மாதம் கூடுகிறது. அதற்குள் மடிப்புப் பிரிவில் இன்னும் இரண்டு பேர் பிரசவ விடுப்பு முடிந்து, குழந்தைகளோடு வேலைக்குத் திரும்புகிறார்கள்.