உதாரணம் சாரின் கோட்டு

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘உதாரணம் சார்’. எந்தச் சொல்லானாலும் வீட்டு ஆள் ஒருவரைப் பிடித்து வாக்கியத்தில் மாட்டிவிடுவார். பெண்டாட்டியின் குறட்டை, மாமனாரின் பல்செட்டு, எதுவும் தப்பாது. டயர் கடை மாடி, தகரக் கூரை, ஒரே மின்விசிறி. அப்படியும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். அது இல்லாவிட்டால் இங்கிலீஷ் வராது என்று நினைப்பு.

அன்றைக்குப் பாடம் ‘பாரோ’, ‘லெண்ட்’.

“ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. இரவல் வாங்கினா பாரோ, அதுகூட ஃப்ரம் வரும். இரவல் குடுத்தா லெண்ட், அதுகூட டு வரும்,” என்று பலகையில் எழுதினார்.

“உதாரணம், சார்!”

“எங்க கீழ் வீட்டுல கொழுந்தியா இருக்கா. காலையில மிக்ஸி, மத்தியானம் குடை, சாயங்காலம் இஸ்திரிப் பெட்டி. அவ பொறந்தது பாரோ பண்ண, நாங்க பொறந்தது லெண்ட் பண்ண!”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. வருஷா வருஷம் எடுபடுகிற ஜோக்கு.

பெருமையோடு திரும்பினார். கடைசி பெஞ்சில் கொழுந்தியாள். புருஷன் போனபிறகு துணிக்கடையில் வேலைக்கு நின்றவள். இங்கிலீஷ் பேசினால் கல்லாவில் உட்கார வைக்கிறேன் என்று முதலாளி சொன்னதால், மாமாவிடம்கூடச் சொல்லாமல் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்து, அவர் பலகையில் எழுதும்போது நுழைந்து உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள்: “நீங்க யார்கிட்டயும் எதையும் பாரோ பண்ணதில்லையா சார்?”

அவர் கை கோட்டுப் பொத்தானுக்குப் போனது. போட்டிருந்த கோட்டே கொழுந்தியாளின் புருஷனுடையதுதான். இந்த வேலைக்கு இண்டர்வியூ போனபோது, “ஒருநாள் குடுங்க சகலை” என்று வாங்கியது. சகலை செத்தும் போனார், கோட்டு திரும்பவில்லை. அவளுக்கும் தெரியும். ஆனால் சபையில் மாமாவைக் காட்டிக்கொடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவருக்கு அப்போது முதுகெல்லாம் எரிந்தது.

சாயங்காலம் கோட்டைத் தேய்த்துக் கொண்டுபோகலாம் என்று பார்த்தால், இஸ்திரிப் பெட்டி அவளிடம்தான் இருந்தது. கசங்கியபடியே மடித்துக்கொண்டு இறங்கினார்.

“இது சகலையோடது. நான் பேசினது தப்பும்மா. எனக்கு ரொம்ப அசிங்கமா இருக்கு.”

அவள் வாங்கி, காலரைத் தடவினாள்.

“அவரைக் கடைசியா அனுப்பும்போது இதைப் போட்டுவிடணும்னு இருந்தேன் மாமா. குடுத்ததைத் திருப்பிக் கேக்க வெக்கமா இருந்துச்சு.”