மேரிக்காவும் லாட்டரி ஃபைலும்

“வந்துட்டியா மூதேவி?” என்று புஷ்பமேரி கேட்பது என்னையல்ல, மேசைக்கு வந்த ஃபைலை. கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, ஈரப் பஞ்சில் விரலை ஒற்றிப் பக்கம் புரட்டுகிறார். அரசு லாட்டரி தொடங்கும் திட்டம். நான் எதிர் நாற்காலிக்கு வந்த ஒன்பது வருடத்தில் இது ஆறாவது தடவை.

எங்கள் யூனியன் பிரதேச நிர்வாகத்தின் தலையெழுத்து இது. டில்லியிலிருந்து புதுச் செயலாளர் ஒருவர் வந்து இறங்குவார். கஜானாவைப் பார்த்துத் திகைப்பார். சாராயத்தில் வருவது சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் போதவில்லை என்பார்கள். உடனே, அவருக்கு மட்டும் புதிதாகத் தோன்றியதுபோல், லாட்டரி தோன்றும். ஜனங்களின் சட்டைப்பையில் கையை விடாமல் ஒரு வழிகூடவா இவர்களுக்குத் தெரியாது? சே!

மேரிக்கா கண்காணிப்பாளர். ஓய்வு பெற நான்கு மாதம். யார் பேனா கேட்டாலும் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் தருவார். மூடியில்லாத பேனாவை எவரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. லாட்டரி ஃபைல் வரும்போதெல்லாம் ‘சமூகப் பாதிப்பு’ என்று ஒரு முழுப் பக்கம் எழுதுவார். அதைப் படித்து மேலே யாராவது தயங்குவார்கள். ஃபைல் அலமாரிக்குத் திரும்பிவிடும்.

அவர் அப்படி எழுதுவதற்குக் காரணம் சாரம் பகுதியில், அவர் வீட்டிலேயே இருக்கிறது. கணவர் யூஜின் மூணு நம்பர் லாட்டரியில் ஆட்டோவைத் தொலைத்தவர். சர்ச்சில் அன்றைய பாட்டு எண்களை எழுதிப்போடும் பலகையைப் பார்த்துக்கூட நம்பர் கட்டியிருக்கிறார். கடைசியில் வில்லியனூர் மாதா கோயிலில் சாமியார் முன்னால், “கள்ள லாட்டரிய இனிமே தொடமாட்டேன்” என்று சத்தியம் செய்தார். எட்டு மாதமாகத் தொடவும் இல்லை. அரசு லாட்டரி பற்றிப் பேப்பரில் வந்ததே, அன்றைக்குக் கேட்டாராம்:

“கவர்மெண்ட்டே வுட்டா அது கள்ள லாட்டரி இல்லியே மேரி? சத்தியத்துல அது சேராதே?”

“எப்புடிக் கேக்குது பாரு இந்த மனுஷன்! என் ரிடையர்மெண்ட் காசு வர்ற நேரத்துல இவங்க கட தொறந்தா, அத்தனையும் எடுத்துக்கினு போயி அங்கதான் கொட்டுவாரு,” என்றார் மேரிக்கா. எனக்கு யூஜின் மேல் வந்ததைவிட இந்த ஃபைலைக் கிளப்பிவிட்டவர்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது.

இந்தத் தடவை செயலாளர் அந்தப் பக்கத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். பாதிப்பு என்பது வெறும் யூகம், ஓர் உதாரணம்கூடக் காட்டப்படவில்லை, ‘பாதிப்பு ஏதும் இல்லை’ என்று திருத்தி இன்று மாலைக்குள் அனுப்பவும். சொல்லிவிட்டுப் போக சார்புச் செயலாளர் சக்கரபாணி நேரிலேயே வந்தார்.

“எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா போங்களேன் மேடம். உங்க சம்பளம், பென்ஷனெல்லாம் எங்கேருந்து வருதுன்னு நெனைக்கறீங்க?”

“இனிமே எங்கூட்டுலேருந்துதான் சார் வரும்.”

அவருக்குப் புரியவில்லை. கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

மேரிக்கா புதிய குறிப்புத்தாள் ஒன்றை எடுத்தார். “வேணாங்க்கா. நாலு மாசந்தான். உங்க பென்ஷன் ஃபைலும் அவங்க கையிலதான் இருக்கு,” என்றேன். காதிலேயே வாங்கவில்லை. ‘உதாரணம்’ என்று தலைப்பிட்டு, அதன் கீழே எழுதினார்: யூஜின், வயது அறுபத்தொன்று, முன்னாள் ஆட்டோ ஓட்டுநர், சாரம். அங்கே பேனா கொஞ்சம் நின்றது. பிறகு ‘என் கணவர்’ என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

எண் விழுந்த தாளை எங்கள் அலுவலகத்தில் யாரும் ஃபைலிலிருந்து உருவ முடியாது. மேரிக்கா தாளின் மூலையில் பக்க எண்ணை எழுதி, அதைச் சுற்றி அழுத்தி ஒரு வட்டம் போட்டார்.