துண்டுக்கு அடியில் பேசிய விலை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு என் மகன் மாட்டுத் தரகரின் துண்டுக்குள் கையை விட்டான். உலை வைக்க நேரமாகிவிட்டதா என்று கூடத்துக் கடிகாரத்தை அப்போதுதான் பார்த்திருந்தேன். தலையைத் திருப்பினால் ஜன்னலுக்கு வெளியே, வாசலில் ஒரு சிவப்புக் கார். அதன் முன்னால் கைகோத்து நின்ற இரண்டு பேர். கைகளின்மேல் துண்டு. நான் வெளியே வருவதற்குள் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வியாபாரம் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்துச் சந்தைகளில் மாட்டின் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே கேட்பார்கள், குறைப்பார்கள், ஒப்புக்கொள்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் துணி அசைவதுதான் தெரியும். துண்டை எடுத்துவிட்டால் அந்த விலை இரண்டு பேருக்கு மட்டும் சொந்தம். பெற்றவளிடமும் சொல்லக் கூடாது, பின்வாங்கவும் கூடாது. பின்வாங்கியவனுக்கு அடுத்த சந்தையில் விரல் கொடுக்க ஆள் இருக்காது.

அந்தத் தரகர் பதினைந்து வருடமாக எங்களுக்குக் காளை பிடித்துக் கொடுத்தவர். மிராசுதாரர்கள் கார் வாங்குவதும் சலித்து விற்பதுமாக இருந்த அந்த நாட்களில் அவர் காருக்கும் தரகு பேச ஆரம்பித்திருந்தார். துண்டை மட்டும் மாற்றவில்லை.

"எத்தனைக்கு முடிச்சே கண்ணு?" என்று மகனைக் கேட்டேன்.

"அதெப்படிங்கம்மா சொல்றது? துண்டு எடுத்தாச்சு."

"பணம் எம் பொட்டியில இருந்துதானே போகோணும்?"

"திங்கக்கெழமை எண்ணறப்பத் தெரிஞ்சுக்குவீங்க." சிரித்தான். அவனுக்கு இருபத்து மூன்று வயது. அவன் அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தொண்டாமுத்தூர்த் தோட்டத்தை அவன் பார்த்துக்கொண்டான், பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது.

காரைச் சுற்றி வந்தேன். இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு படிந்த உடம்பு, நீண்ட மூக்கு, கதவு என்று பேருக்கு ஒரு தகடு. சீமையில் பந்தயம் விடுகிற ஜாதிக் கார் என்றான் மகன். ஆனைமலைக்கு மேலே எஸ்டேட் வைத்திருந்த துரை ஒருவர் வரவழைத்தது. அவரிடமிருந்து பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் வாங்கி, இப்போது விற்கிறார். மைல் காட்டும் முள்ளுக்குக் கீழே நாற்பத்தேழாயிரத்துச் சொச்சம் என்று இருந்தது.

"ஓட்டம் காங்கயங் காளையாட்டம் இருக்குதுங்க அம்மணி," என்றார் தரகர். "அவினாசி ரோட்டுல தம்பி ஓட்டிப் பாத்துப்போட்டுத்தான் வெரலக் குடுத்துச்சு."

"காளைன்னா மூணு நாள் நம்ம கட்டுத்தறியில கட்டி, ஏர்ல பூட்டிப் பாக்கற வழக்கம் உண்டுங்களா இல்லீங்களா?"

"உண்டுங்க. காருக்கு ஏதுங்க ஏரு?"

"துண்டு மட்டும் மாட்டுச் சந்தையில இருந்து வந்துச்சுங்களா? வழக்கம்னா முழுசா இருக்கோணும். மூணு நாள் வண்டி இங்கேயே நிக்கட்டும். கொறை தெரிஞ்சா வெலையத் திரும்பப் பேசலாம்."

தரகர் என் மகனைப் பார்த்தார். அவன் வானத்தைப் பார்த்தான். "செரீங்க அம்மணி, நீங்க படிச்சவங்க," என்று சொல்லிவிட்டு அவர் போனார். மிஷன் பள்ளியில் நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் அந்தக் கார் என்ன பெறும் என்பதும், என் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனால் திரும்பக் கொண்டுவருமா என்பதும் எனக்கு ஒரே கேள்வியாகத் தெரிந்தன. திங்கட்கிழமைக்குள் விடை தெரிந்தாக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே கோட்டைமேட்டில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரியிடம் காரைக் கொண்டுபோகச் செய்து, பின்னாலேயே ஜட்கா வண்டியில் நானும் போனேன். அவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். எங்கள் எண்ணெய் இஞ்சினுக்கு அவர்தான் வைத்தியர். மகனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இஞ்சினை ஆறவிட்டார். பிறகு கைப்பிடியைப் போட்டு மெதுவாக ஒவ்வொரு சுற்றாகச் சுற்றிப் பார்த்தார். கிளப்பியதும் பின்னால் நீலப் புகை வந்தது. காலால் மிதிக்கும் கட்டைகளைக் குனிந்து தடவினார். கிளட்ச் மிதியில் ரப்பர் பாதி இருந்தது. பிரேக் மிதியில் இரும்பு பளபளத்தது.

"மைலை யாரும் மறைக்கலீங்கம்மா," என்றார். "ஆனா நாப்பத்தேழாயிரம்னு மட்டும் பாத்தா வெலை சொல்ல முடியாது. எந்த ரோட்டு மைலுன்னு பாக்கணும். சமதரை ரோட்டுல ஓடுனது இஞ்சினைத் தின்னும். மலையில ஓடுனது பிரேக்கையும் சேத்துத் தின்னும். இது தொரை மலைமேல வச்சிருந்த வண்டி."

"கழட்டிப் பாருங்களேன் பாய்."

"இன்னொருத்தர் பொருள் இது. நாங் கழட்டி ஏதாச்சும் ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது? பக்கத்துல ஒரு சின்ன மேடாப் பாத்து ஏறி எறங்கிப் பாருங்க, தெரிஞ்சிரும்."

சின்ன மேடு என்றுதான் சொன்னார். மறுநாள் காலை மகன், "மேடு என்னத்துக்குங்கம்மா? மலையிலயே பர்லியாறு வரைக்கும் போயிட்டே வந்தர்லாம்," என்றான். அவனுக்கு ரோஷம். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்காமல், நானும் வருகிறேன் என்றேன். ஏர் பூட்டிப் பார்க்கச் சொன்னவள் நான்தானே. வெள்ளைச் சீலைத் தலைப்பை இறுகச் செருகிக்கொண்டு அந்தச் சிவப்புக் காரில் உட்கார்ந்தேன். கால் நீட்டித்தான் உட்கார முடிந்தது. மேட்டுப்பாளையம் கடைத்தெருவில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஏற்றத்தில் வண்டி பாடிக்கொண்டே ஏறியது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பிடித்திருந்தது. பர்லியாறில் இறங்கி ஆளுக்கு ஒரு கிளாஸ் காப்பி குடித்தோம். "இப்ப என்ன சொல்றீங்க?" என்றான். "எறங்கிட்டுச் சொல்றேன்," என்றேன்.

இறக்கத்தில் நான்காவது வளைவோ ஐந்தாவதோ, துணி கருகுகிற வாசனை வந்தது. என் சீலை எங்காவது பட்டுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். அப்போது அவன் கால் தெரிந்தது. மிதி தரையோடு தரையாகக் கிடந்தது. அவன் அதை எடுத்து எடுத்து மிதித்தான். வண்டி கேட்கவில்லை. வளைவு திரும்பினால் முன்னால் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி, அதன் அடியில் தொங்கிய லாந்தர். இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் பாறை.

அவன் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துவிட்டு, ஸ்டீரிங்கை மலைப்பக்கம் ஒடித்தான். சக்கரம் வாய்க்காலில் விழுந்து, மண் மேட்டில் உரசிக்கொண்டே போய் நின்றது. கை நீட்டினால் அந்த லாந்தரைத் தொட்டிருப்பேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, ஒதுங்கோணும்னா ஒரு கொரல் குடுத்தா ஆகாதுங்களா?" என்று கேட்டுவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு ஒன்றுமே தெரியாது.

நாங்கள் இறங்கவில்லை. இதை எழுதும்போதும் அந்த லாந்தர் ஆடுவது தெரிகிறது. கேட்காமலே அவன் சொன்னான்.

"ஆயிரத்து நானூத்தி அம்பதுங்கம்மா."

துண்டுக்குள் இருந்த விலை அந்த மலையில் வெளியே வந்தது. சக்கரங்கள் ஆறியதும் வண்டியை வாய்க்காலிலிருந்து மெல்ல ஏற்றி, முதல் கியரிலேயே, ஆள் நடக்கிற வேகத்தில் கீழே வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பாயிடம், "நான் பொறுப்பு, கழட்டுங்க," என்றேன். நான்கு சக்கரத்தையும் கழற்றினார். உள்ளே பிரேக் பட்டை தேய்ந்து, அதைப் பிடித்திருந்த ஆணித்தலைகள் இரும்பைக் கீறியிருந்தன. மகன் குனிந்து அந்தக் கீறல்களில் விரலை ஓட்டிப் பார்த்தான்.

"இதே வயசுல, நல்லா வச்சிருந்த வண்டின்னா ஆயிரத்து முந்நூறு தாராளமாக் குடுக்கலாம்," என்றார் பாய். "பிரேக்கு, பிஸ்டன், ரெண்டு டயரு, எல்லாஞ் சேத்து முந்நூத்தம்பது செலவாகும். தொளாயிரத்தம்பதுக்கு மேல ஒரு காசு பெறாது. அதுக்குக் கொறைச்சுக் கேட்டா அது நியாயமும் இல்லை."

அன்று பகல் முழுக்க அந்தக் கடைசி வார்த்தையோடுதான் மல்லுக்கட்டினேன். ஐந்நூறு என்று கேட்டுவிட்டால் விற்பவருக்குக் கோபம் வரும், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், என் பிள்ளை அதில் ஏற மாட்டான். ஆனால் என் பயம் காரின் பழுது இல்லை. தேய்ந்த பட்டைக்கு விலை குறைக்கலாம், நடுங்குகிற கைக்குக் குறைக்க முடியாது. மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: நியாய விலைக்குக் கிடைத்தால் வாங்குவோம், பாய் எல்லாவற்றையும் மாற்றித் தரும்வரை நீ தொடக் கூடாது. கிடைக்காவிட்டால் நீ விரலில் கொடுத்த சொல்லை நான் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், கெட்ட பேர் எனக்கு வரட்டும். தலையை ஆட்டினான்.

திங்கட்கிழமை காலை தரகர் வந்ததும் வாசலில் வைத்தே, தெருவுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"தொளாயிரத்தி அம்பது ரூவா. பட்டையெல்லாம் கழட்டி வச்சிருக்குது, பாத்துக்குங்க."

தரகர் பதறிப்போய்த் துண்டைத் தோளிலிருந்து இழுத்தார். "மெல்லச் சொல்லுங்க அம்மணி! இப்படித் தெருவுல கூவறதுக்கு இதென்ன கத்திரிக்காயிங்களா?"

"கத்திரிக்காய வாங்கறப்பக் கூடச் சொத்தை இருக்குதான்னு கேட்டுத்தானுங்க வாங்கறோம்."

"தம்பி வெரலக் குடுத்திருக்குது. சந்தையில என்னைய யாராச்சும் மதிப்பாங்களா?"

அதற்கு மகனே பதில் சொன்னான். "வெரல் குடுத்தது நாந்தானுங்க. ஆனா அந்த எறக்கத்துல அதே கையாலதான் கைப்பிரேக்கைப் புடிச்சுத் தொங்குனேன். உங்க துண்டு வந்து வண்டியப் புடிக்கலீங்களே."

தரகர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தோப்புக்காரரிடம் சொல்லப் போனார். பணம் வாங்க அன்று ஊருக்கு வந்திருந்த தோப்புக்காரர், ஒப்பணக்காரத் தெருவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். மத்தியானம் போய்விட்டது. யாரும் வரவில்லை. ஜட்கா சத்தம் கேட்கும்போதெல்லாம் மகன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவர் சண்டைக்கு வந்தால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு வாக்கியமாக மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன்.

நாலு மணிக்கு அவரே வந்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்து வரை பித்தான் போட்ட கோட்டு, கையில் குடை. கொடுத்த நாற்காலியில் உட்காரவில்லை. பாய் அனுப்பியிருந்த தேய்ந்த பட்டை ஒன்று மேஜைமேல் இருந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். என் மகனை ஏற இறங்கப் பார்த்தார், அடி ஏதாவது பட்டிருக்கிறதா என்று தேடுகிறவர்போல. பிறகு என்னிடம் சொன்னார்:

"தொளாயிரத்தம்பதே போதுங்க அம்மணி. எறக்கத்துல எனக்கும் ஒருக்கா வண்டி நிக்கலீங்க. அதுக்கப்பறம் நான் மலைக்கு எடுக்கவே இல்லை. வாயத் தொறந்து கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க. துண்டுக்குள்ள வெலையத் தவிர யாரும் ஒண்ணையும் கேக்கறதில்லீங்களே."