வரவேற்க நிறுத்திய பிள்ளைகள்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஏப்ரல் மாதத்து நண்பகலில் மயிலாப்பூரில் நடந்தது இது. அப்போது நாங்கள் மந்தைவெளியில் குடியிருந்தோம். எனக்கு தி. நகரில் வேலை, கணவருக்கு அரசாங்க உத்தியோகம். நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எங்கள் ஒரே பெண் மஞ்சள் காமாலையில் படுத்த படுக்கையாகக் கிடந்து அப்போதுதான் தேறியிருந்தாள். பரீட்சை நெருங்கிவிட்டதால், "ஸ்கூலுக்கு அனுப்புங்க, ஆனா வெயில் மட்டும் படக்கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நானே பள்ளிக்கு நேரில் போய் வகுப்பு டீச்சரிடம் சொன்னேன். விளையாட்டு பீரியடுக்குக்கூட வெளியே விடமாட்டேன் என்றார் அவர். முதல் சில நாள் மதியமே ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போய்விடலாம் என்று நானும் அரை நாள் லீவு போட்டேன்.

ஆபீசிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியில், லஸ் முனைக்கு வந்ததும் பஸ் நின்றுவிட்டது.

"தலைவர் வர்றாராம். வண்டி இப்போ நவுராது, அவசரம்னா எறங்கி நடந்துக்கினே போங்க" என்றார் கண்டக்டர். பஸ்ஸுக்குள் எல்லோரும் முணுமுணுத்தார்களே தவிர, யாரும் உரக்கப் பேசவில்லை. நான் இறங்கி நடந்தேன். கச்சேரி ரோடு முழுக்கக் கொடியும் தோரணமும். கடைகளை எல்லாம் சாத்தச் சொல்லியிருந்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கையில் காகிதக் கொடியோடு, தலைக்கு நேர் மேலே சூரியனோடு நின்றிருந்தார்கள். ஐயோ பாவம், யார் பெற்ற பிள்ளைகளோ என்று நினைத்துக்கொண்டே போனேன். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் சீருடையின் நிறம் மாறியது. அது என் பெண்ணின் பள்ளிச் சீருடை.

ஓடினேன். வரிசையில், பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்தபடி நின்றிருந்தாள் என் மகள். உதடு வறண்டு, முகம் கறுத்து, கண் பாதி மூடியிருந்தது.

"எப்பலேர்ந்து நிக்கிறே?" என்று கேட்டேன்.

"காலையில பிரேயர் முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துட்டாங்கம்மா."

கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை. "டீச்சர் திட்டுவாங்கம்மா" என்று அழ ஆரம்பித்தாள். எனக்கு வாக்குக் கொடுத்த அதே வகுப்பு டீச்சர் ஓடி வந்தார். சின்ன வயசுப் பெண்தான். "தப்பா நினைக்காதீங்க. ஒரு குழந்தைகூடக் குறையக் கூடாதுன்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. என் வேலை போயிடும்" என்றார். அதற்குள் கரை வேட்டிக்காரர் ஒருவர் வந்து என்னை மறித்துக்கொண்டு நின்றார்.

"யம்மா, இன்னா பண்ணிக்கினு கீற? தலைவர் வர்ற நேரத்துல கொய்ந்தைய லைன்லேர்ந்து இஸ்துக்கினு போற?"

"இது என் குழந்தை. மஞ்சள் காமாலை வந்து எழுந்த குழந்தை. இவளைத் தெருவுல நிறுத்த உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தா? உங்க வீட்டுக் குழந்தை எந்த வரிசையில நிக்குது, காட்டுங்க பார்ப்போம்!"

அந்த ஆள் திரும்பிப் போலீஸைத் தேடினார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அப்போது, அவளுக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் என் முந்தானையைப் பிடித்தாள்.

"ஆன்ட்டி, நானும் உங்ககூட வரட்டுமா? தலை சுத்துது."

அப்படியே நின்றுவிட்டேன். இவளுடைய அம்மா எங்கே எந்த ஆபீசில் இருக்கிறாளோ! என் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது? எனக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "எல்லாரும் கொடியைக் கீழே போட்டுட்டு நிழலுக்குப் போங்க!" என்று கத்தினேன். பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அது போதுமாக இருந்தது அவர்களுக்கு.

பின்னால் ஒரு ஷட்டர் சத்தத்தோடு உயர்ந்தது. லேஸ், பட்டன் விற்கும் கடை. கடைக்காரர் ஒரு பாய். "யாரு என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கறேன். புள்ளைங்களை உள்ள அனுப்பும்மா" என்றார். குடத்துத் தண்ணீரை அவரும் அவர் மனைவியும் டம்ளர் டம்ளராக மொண்டு கொடுத்தார்கள். கரை வேட்டிக்காரர், "கடைய நாளைக்கு எப்படித் தொறக்கறேன்னு பாக்கறேன்" என்று மிரட்டினார். பாய் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அதன் பிறகுதான் கார்கள் வந்தன. ஒன்றன் பின் ஒன்றாகப் பறந்தன. எல்லாவற்றிலும் கறுப்புக் கண்ணாடி. ஒரு கண்ணாடிகூட இறங்கவில்லை. எந்தக் காரில் தலைவர் இருந்தார் என்றுகூடத் தெரியவில்லை. இதற்காகவா காலையிலிருந்து பிள்ளைகளைக் காய வைத்தார்கள்!

மறுநாள் தலைமையாசிரியை எங்கள் இருவரையும் வரச்சொன்னார். வழி நெடுக என் கணவர் புலம்பிக்கொண்டே வந்தார். "நான் கவர்ன்மெண்ட் வேலையில இருக்கேன். தூக்கி எங்கேயாவது போட்டுட்டா என்ன செய்வே? நமக்கு எதுக்கு அரசியல்? ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்துடு."

நான் அரசியலைத் தேடிப் போகவில்லை. அதுதான் வகுப்பறைக்குள் புகுந்து என் குழந்தையைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

தலைமையாசிரியை, "டிசிப்ளினையே கெடுத்துட்டீங்க. மன்னிப்பு கேளுங்க, இல்லேன்னா டி.சி. வாங்கிக்கிங்க" என்றார். நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் பேசினார். "மேடம், அத்தனை நேரம் நின்ன குழந்தைங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேருந்து ஒரு வாய் தண்ணி கொடுத்தீங்களா?" அவர் குரல் நடுங்கியது. ஆனாலும் கேட்டுவிட்டார். தலைமையாசிரியை மேஜை மேலிருந்த ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "சரி, போங்க" என்றார். நாங்கள் மன்னிப்பும் கேட்கவில்லை, டி.சி.யும் வாங்கவில்லை. வெளியே வந்ததும் என் கணவர், "டிரான்ஸ்ஃபர் வந்தா சமாளிச்சுக்கலாம்" என்றார். நல்லவேளை, அது வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்திருப்பேன். ஆட்சி மாறியது. அடுத்து வேறொரு தலைவர் அந்தப் பக்கம் வந்தார். கொடியின் நிறம்தான் வேறு. வெயிலும் அதே வெயில், வரிசையும் அதே வரிசை. அன்று சாயங்காலம் என் மகள் சொன்னாள், "அம்மா, என்னை மட்டும் லைப்ரரியில உட்கார வச்சுட்டாங்க. என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் ரோட்டுல நின்னாங்க."

மறுநாளே போய், மற்ற பிள்ளைகளை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். தலைமையாசிரியை உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "உங்க பொண்ணைத்தான் நிறுத்தலையே? அப்புறம் உங்களுக்கு என்னம்மா?"

என் மகள் வளர்ந்து, இப்போது அவளுக்கே ஒரு குழந்தை இருக்கிறது. ஆனால், சத்தம் போடுகிறவள் பிள்ளைக்கு மட்டும் நிழலைக் கொடுத்துவிட்டால் போதும், மற்ற பிள்ளைகளைப் பற்றி அவள் கேட்கமாட்டாள் என்று என்னை எடை போட்டார்களே, அந்த அவமானம் மட்டும் எனக்கு இன்றுவரை ஆறவே இல்லை.